வெளியூர் வண்டி

2024 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் நகரவாசிகளிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எடை கூடிய எஸ்யூவி வகைக் கார்களைத் தெருவில் நிறுத்துவதற்கான கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்பது கேள்வி. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. வந்தவர்களில் 54 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஆகட்டும் என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நகரத்தின் நடுப்பகுதியில் அப்படிப்பட்ட வண்டியை நிறுத்த மணிக்கு 18 யூரோ. நேரம் ஆக ஆக விலையும் ஏறி, ஆறு மணி நேரம் விட்டுவைத்தால் 225 யூரோ. சுற்றுச்சூழல் செய்தியாகத்தான் எல்லோரும் இதைப் படித்தார்கள். என்னை உறுத்தியது செய்தியின் கடைசியில் இருந்த ஒரு வரி. தங்கள் பகுதிக்கான குடியிருப்பாளர் அனுமதி வைத்திருக்கும் பாரிஸ்காரர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. வாக்களித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், பணம் கட்டப்போகிறவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிதான் நினைவுக்கு வந்தது.

என்னிடம் எஸ்யூவி கிடையாது. பாரிஸில் வண்டி ஓட்டியதும் கிடையாது. ஆனாலும் அந்த வரி மனத்தில் முள்ளாய்த் தைத்ததற்குக் காரணம் உண்டு. வேறொரு பெருநகரத்துக்குப் போயிருந்தபோது கடைத்தெருவில் எனக்கு ஓர் அபராதச் சீட்டு கிடைத்தது. நடைபாதையில் இருந்த கட்டண இயந்திரத்தில் வண்டி எண்ணைப் பதிந்து, மாலை ஆறு மணி வரைக்கும் பணம் செலுத்தி, வந்த ரசீதை முன்கண்ணாடிக்கு உள்ளே எழுத்து தெரியும்படி வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஓர் உறை. நான்கு மணிக்கு மேல் அந்த ஓரம் முழுவதும் வண்டிகள் ஓடும் தடமாக மாறிவிடுமாம், அதற்குப் பிறகு யாரும் நிற்கக் கூடாதாம். அதைச் சொல்லும் பலகை சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில், மரக்கிளைக்குப் பின்னால் இருந்தது. மரத்தையாவது மன்னிக்கலாம். நான்கு மணிக்கு மேல் நிறுத்தக் கூடாத இடத்துக்கு ஆறு மணி வரை பணம் வாங்கிக்கொண்ட இயந்திரத்தை என்ன சொல்வது? விற்கக் கூடாததை விற்றவருக்கு ஒன்றும் இல்லை, காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தண்டம்.

அன்று முதல் எனக்கு ஒரு கட்சி உண்டாகிவிட்டது. பெருநகரங்களுக்கு வெளியூர் வண்டி என்பது கேட்பாரற்ற பணம். வந்தவனுக்கு அங்கே வாக்கு இல்லை, முறையிட ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்று சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்; விசாரணைக்கு அழைக்கும்போது அவன் சொந்த ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். வாடகைக் கார் என்றால் இன்னும் விசேஷம். அபராதம் தனியாக வரும். ஓட்டியவர் இவர்தான் என்று நகராட்சிக்குத் தெரிவித்த சிரமத்துக்கு வாடகை நிறுவனம் வேறு ஒரு தொகையை அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பார்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தானிடம் சொன்னபோதுதான் அது ஆட்டம் கண்டது.

மூன்றாம் மாடி ஜன்னல்

பெரியம்மா மகளின் கணவர் அவர். எனக்கு அபராதம் போட்ட அதே நகரத்தில், நெருக்கமான ஒரு பழைய குடியிருப்புப் பகுதியில் பல ஆண்டுகளாக இருக்கிறார். நான் போனதும் காப்பி வருவதற்கு முன்பே என் வண்டி எண்ணைக் கேட்டு வாங்கித் தன் கைப்பேசியில் பதிந்துவிட்டார். அந்தத் தெருவில் குடியிருப்போருக்கு விருந்தாளி வண்டிகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் கொஞ்சம் மணி நேரம் ஒதுக்குவார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனின் பல பகுதிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. யாரையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அவர்களிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலோர் நாம் கேட்காமல் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே மறந்திருக்கும். அத்தான் பொத்தானை அழுத்தியதும் நான் உள்ளூர்க்காரன் ஆகிவிட்டேன். அந்த வசதியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பாரிஸ் கதையை எடுத்தேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஜன்னலுக்கு வா என்று கூப்பிட்டார். மாலை ஆறரை இருக்கும். கீழே இரண்டு ஓரமும் வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றன. சாம்பல் நிறக் கார் ஒன்று மெல்ல வந்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் குழந்தைக்கு வெயில் படாமல் ஒட்டும் கறுப்பு வலை. ஒரு வீட்டின் நுழைவாயில் எதிரே இருந்த இடைவெளியைப் பார்த்ததும் அதன் பிரேக் விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்தபடி இரு பக்கமும் பார்த்துக்கொண்டே முனை திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் அதே கார் மறுபடியும் வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் இப்போது கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியிருந்தார். அடுத்த சுற்றில் கார் தெரு நடுவே நின்றது. பின்னால் வந்தவர் ஹார்ன் அடிக்க அடிக்க அந்தப் பெண் குழந்தையையும் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார். கார் தனியாகப் போனது. அது முனை திரும்பிய கையோடு எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு வண்டி கிளம்பியது. எதிர் முனையிலிருந்து அப்போதுதான் தெருவுக்குள் நுழைந்த ஒரு சிவப்புக் கார் அந்த இடத்தில் நுழைந்துகொண்டது. அரை நிமிடம் கழித்து சாம்பல் கார் வந்து, அதைப் பார்த்து, தாண்டிப் போனது.

“தம்பி, சுற்றிக்கொண்டிருக்கிறானே, அவன் யார்?” என்றார் அத்தான்.

“வெளியூர்க்காரராகத்தான் இருக்கும்.”

“இடம் பிடித்தவன்?”

“அவரும் அப்படித்தான் தெரிகிறது.”

“இந்தத் தெருவில் ஆறு மணி வரைதான் கட்டணம். அதற்குப் பிறகு இலவசம். ஊரெல்லாம் இங்கே வருவது அதனால்தான். கட்டணத்தை ஏற்றினால் வெளியூர்க்காரனுக்கு அநியாயம் என்கிறாய். ஏற்றாமல் விட்டதில் குழந்தையை இறக்கிவிட்டுப் போனானே, அவனுக்கு என்ன நியாயம் கிடைத்தது? முன்னால் வந்தவன் அவன், பெட்ரோல் எரித்தவன் அவன். இலவசம் என்று பலகையில் இருக்கிறது. இடம் இருக்கிறதா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் மாலைப் பணி முடிந்து வரும் நாட்களில், அனுமதி இருந்தும், இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறாராம். அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

முதல் மீட்டர் யாருக்காக

இடம் தேடிச் சுற்றுவதைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப். 1927 முதல் 2001 வரை வெவ்வேறு நகரங்களில் நடந்த 16 ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தார். சராசரியாக அந்தத் தெருக்களின் போக்குவரத்தில் 30 சதவீதம் இடம் தேடி அலையும் வண்டிகள். ஓர் இடம் கிடைக்க எட்டு நிமிடம். எந்த ஊரின் போக்குவரத்திலும் மூன்றில் ஒரு பங்கு இதுதான் என்று இந்த எண்ணை எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஏற்கெனவே நெரிசல் என்று தெரிந்த இடங்களில்தான் அந்த ஆய்வுகள் நடந்தன. ஆனால் வெளியூரிலிருந்து போகிற நாம் தேடிப்போவதும் அதே இடங்களைத்தானே? தன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சிறிய வணிகப் பகுதியில் அவர் கணக்கிட்டபோது ஒரு வண்டி சராசரியாகச் சுற்றியது மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. வெறும் 15 தெருத் துண்டுகளில் ஓராண்டில் அது 9.5 லட்சம் மைலாகத் திரண்டது. அங்கும் தெருவோரம் மலிவு, கட்டடங்களுக்குள் நிறுத்த விலை அதிகம். சுற்றுவது அவரவருக்கு லாபமாகத் தெரிந்தது.

நான் கட்சி மாறத் தொடங்கியது மீட்டரின் பிறந்த கதையைப் படித்தபோது. 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வேலை செய்யத் தொடங்கியது. மணிக்கு 5 சென்ட். யோசனை கார்ல் மகீ என்ற பத்திரிகையாளருடையது. அவரைத் தூண்டியது வியாபாரிகளின் புலம்பல். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள் காலையில் கொண்டுவந்து விட்ட வண்டியைச் சாயங்காலம்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வந்தவர் நிறுத்த வழியில்லாமல் திரும்பிப் போவார். ஆக, நம்மை விரட்ட வந்ததென்று நான் நினைத்திருந்த சாதனம் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகிறவனுக்கு இடம் ஒழித்துத் தரவே வந்தது. நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரருக்குத்தான் அன்று கோபம் வந்திருக்க வேண்டும். (மீட்டர் மீறியதற்காக முதலில் பிடிபட்டவர் ஒரு பாதிரியார் என்றும், சில்லறை மாற்றத்தான் கடைக்குள் போனேன் என்று அவர் வாதாடினார் என்றும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த வாதம் இன்றுவரை பழசாகவில்லை.)

அபராதமே இல்லாவிட்டால் விருந்தாளி எப்படி நடந்துகொள்வார் என்பதற்கும் சான்று இருக்கிறது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை இருப்பதால் உலக நாடுகளின் தூதரக வண்டிகளெல்லாம் அங்கே ஓடுகின்றன. 1997 முதல் 2002 வரை அவை கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல், தொகை 1.8 கோடி டாலரைத் தாண்டியது. தூதர்களுக்கான சட்டப் பாதுகாப்பு இருந்ததால் யாரும் வசூலிக்க முடியவில்லை. சில நாடுகளின் வண்டிகள் ஒரு பாக்கிகூட வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002 இறுதியில் பாக்கி வைக்கும் வண்டியின் தூதரக எண் பலகையைப் பறிக்க நகரத்துக்கு அதிகாரம் வந்தது. மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன. வெளியூர்க்காரனை விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் சங்கடமான கணக்கு.

கட்டணம் என்றால் ஏற்றம்தான் என்றும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 2011-ல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு தெருத் துண்டுக்கும், பகலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி விலை. வண்டிகள் நிரம்பி வழிந்தால் மணிக்கு 25 சென்ட் ஏற்றுவார்கள், காலியாகக் கிடந்தால் இறக்குவார்கள். வெள்ளோட்டம் முடிந்தபோது சராசரிக் கட்டணம் முன்பைவிடச் சற்றுக் குறைந்தே இருந்தது. ஒரு தெரு தள்ளி நடக்கத் தயாராக இருப்பவருக்கு மலிவு, வாசலிலேயே இறங்க வேண்டியவருக்கு விலை. இதில் வெளியூர் உள்ளூர் பேதம் இல்லை.

பலகையில் இல்லாத விதிகள்

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வழக்கில் பாதி அப்படியே இருக்கிறது. அத்தானிடம் அதை விட்டுக்கொடுக்கவில்லை. விலை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கட்டும். விலையைப் பார்த்துப் பயப்படுகிறவன் ரயிலில் வருவான். விதி எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. சான்பிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவு உள்ள தெருவில் வண்டியை விட்டால் முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நிற்கும்படி திருப்பி வைக்க வேண்டும். பிரேக் நழுவினாலும் வண்டி உருளாமல் நிற்பதற்காக. அருமையான விதி. ஆனால் 3 சதவீதச் சரிவைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர் யார்? நியூயார்க்கில் தீயணைப்புக் குழாய்க்கு இரு புறமும் 15 அடி, அதாவது நாலரை மீட்டர் விட வேண்டும். தரையில் கோடு இருக்காது. உள்ளூர்க்காரர் கண்ணாலேயே அளந்துவிடுவார், நமக்கு உறைதான் சொல்லும். அதே ஊரில் தெரு பெருக்கும் வண்டிக்காகக் குறிப்பிட்ட கிழமைகளில் ஓர் ஓரத்தைக் காலி செய்யும் வழக்கம் 1950 முதல் இருக்கிறது. பண்டிகை நாட்களில் அந்த விதிக்கு விடுமுறை, தீபாவளிக்கும் உண்டு. அந்த விடுமுறைப் பட்டியல் கம்பத்தில் இருக்காது. லண்டனில் நடைபாதை மேல் சக்கரம் ஏற்றி நிறுத்துவது 1974 முதல் குற்றம். இங்கிலாந்தின் பிற ஊர்களில் பொதுவாக அந்தத் தடை இல்லாமலே இருந்து வந்ததால், சொந்த நாட்டுக்காரரே தலைநகருக்குப் போய் மாட்டிக்கொள்வார்.

பலகை இருக்கும் இடத்தில் அதன் அழகு வேறு. ஒரே கம்பத்தில் மேலிருந்து கீழாக: இந்த அம்புக்குறிப் பக்கம் வாரநாளில் இத்தனை மணி நேரம், அனுமதி உள்ளவர்கள் தவிர; காலையில் சரக்கு இறக்க மட்டும்; வியாழக்கிழமை துப்புரவு; எல்லாவற்றுக்கும் கீழே இழுத்துச் செல்லப்படும் என்ற படம். பின்னால் வண்டிகள் நிற்க, ஓடும் காரிலிருந்து இதைப் படித்து, இன்று கிழமை என்ன, மணி என்ன என்று கழித்துக் கூட்டி முடிவெடுக்க வேண்டும். இதைச் சரிசெய்ய முடியாதா என்றால் முடியும். கிழமைகளையும் மணிகளையும் கட்டம் போட்டு, நிறுத்தலாம் என்பதற்குப் பச்சை, கூடாது என்பதற்குச் சிவப்பு என்று ஒரே பலகையாக்கி லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2015-ல் சோதித்துப் பார்த்தது. டோக்கியோவில் தெருவோரம் இரவு முழுக்க வண்டி விடும் பேச்சே இல்லை. பெரும்பாலும், கார் வாங்குவதற்கே நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், 1962-ல் வந்த சட்டம். வெளியிலிருந்து போகிறவருக்கு அங்கே மூலைக்கு மூலை காசு போட்டு நிறுத்தும் சின்னத் திடல்கள். பகலில் இத்தனை நிமிடத்துக்கு இத்தனை யென், இரவில் இத்தனை, உச்சவரம்பு இவ்வளவு என்று தூரத்திலிருந்தே தெரியும்படி கொட்டை எழுத்தில் இருக்கும். வண்டியை விட்ட சில நிமிடங்களில் பல இடங்களில் அடியில் ஒரு தகடு எழும்பி மறித்துக்கொள்ளும். பணம் கட்டினால் இறங்கும். விலை கொஞ்சமல்ல. ஆனால் ஏமாற்று இல்லை. (உச்சவரம்பு ஒரு தடவைக்கு மட்டும்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில திடல்களில் முதல் சுற்று முடிந்ததும் மீட்டர் மறுபடியும் ஓடும்.)

பாரிஸின் புதிய கட்டணத்தில் எனக்கு இன்று இருக்கும் குறையும் இந்த வகைதான். அங்கே எஸ்யூவி என்று பெயருக்குச் சொன்னாலும் அளவுகோல் எடை. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் என்றால் 1.6 டன், மின்சார வண்டி என்றால் 2 டன். தன் காரின் எடை என்னவென்று கேட்டவுடன் சொல்லக்கூடியவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கே விடுவது

யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இப்போதெல்லாம் நடு நகரத்துக்குள் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் தொடங்குகிறேன். நகர எல்லையில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸிலோ ரயிலிலோ உள்ளே போகும் முறையை ஆக்ஸ்ஃபோர்டு 1973-லேயே நிரந்தரமாகத் தொடங்கிவிட்டது. பெருநகரங்கள் பலவற்றிலும் இன்று உண்டு. பயணச்சீட்டைக் காட்டினால்தான் சலுகைக் கட்டணம் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும், ஆகவே சீட்டைக் கசக்கி எறிந்துவிடக் கூடாது. கடைசி பஸ் எப்போது என்பதையும் போகும்போதே பார்த்துவிட வேண்டும்.

உள்ளேதான் போக வேண்டும் என்றால் அடுக்குமாடி நிறுத்துமிடம், தெருவைவிட நிம்மதி. அங்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. நுழைவில் தொங்கும் உயரக் கம்பியைப் பார்க்காமல், கூரைமேல் பெட்டி கட்டிய வண்டியோடு உள்ளே போய்ப் பின்னால் நான்கு கார்கள் நிற்க ரிவர்ஸ் எடுத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நுழைவுச் சீட்டைத் தொலைத்தால் பல இடங்களில் ஒரு முழு நாள் கட்டணம். இரவில் ஷட்டரை இறக்கிவிடும் கட்டடங்களும் இருக்கின்றன. மணிக்கணக்குத் தாண்டிய அடுத்த நிமிடமே அடுத்த மணிக்கான பணம். விடுதியில் தங்குகிறவர்கள், பார்க்கிங் வசதி உண்டு என்ற வரியைப் படித்துத் திருப்தி அடைந்துவிடாமல் அதற்குத் தனிக் கட்டணமா, வண்டியை நடுவில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடியும் கட்ட வேண்டுமா என்று கேட்டுவிடுவது உத்தமம்.

இவையெல்லாம் தெரிந்துகொள்ளக்கூடியவை. எனக்கு இப்போது புதிதாக எரிச்சலூட்டுவது செயலி. நாணயம் போடும் இயந்திரங்களைப் பல நகரங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. கம்பத்தில் ஒரு க்யூஆர் குறியீடும் ஓர் எண்ணும் மட்டும் மிச்சம். நகராட்சிக்குப் பராமரிப்புச் செலவு மிச்சமாகிறது, உள்ளூர்க்காரருக்கு விரல் நுனியில் வேலை முடிகிறது. வெளியூரிலிருந்து வந்தவர் செயலியை இறக்க வேண்டும், கணக்குத் தொடங்க வேண்டும், அட்டையைப் பதிய வேண்டும். அந்த நாட்டுக் கைப்பேசி எண் கேட்டால் அத்தோடு நின்றது. அட்டைக்கான கடவுச்சொல் சொந்த ஊர் சிம்முக்குப் போகும், அந்த சிம் பெட்டிக்குள் இருக்கும். என்னைவிட வயதானவர் ஒருவர் கையில் நாணயங்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து துளையைத் தேடியதைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டத் தயாராக வந்தவர் அவர், விலை என்னவென்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு காசு வாங்கும் இடம் தேடிப் போனார். தெருவில் சுற்றும் வண்டிகளில் இன்னொன்று கூடியது.